முகப்புக்குப் பின்னே ஒரு பழைய வாசல்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் சந்தியாகப்பர் என்று அழைக்கும் திருத்தூதருக்கு ஸ்பானிய மொழியில் சந்தியாகோ என்று பெயர். அவருடைய கல்லறை இருப்பதாக நம்பப்படும் ஊர், ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தேலா. அவ்வூர்ப் பேராலயத்தின் முகப்பு ஸ்பெயினின் 1, 2, 5 சென்ட் நாணயங்களிலும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அந்த முகப்பை மட்டும் பார்த்து ஆலயத்தின் வயதைக் கணித்தால் ஏமாந்துபோவோம்.

உயர்ந்த இரட்டைக் கோபுரங்களும் நுணுக்கமான அலங்காரமும் கொண்ட அந்த முகப்பு, பெர்னாந்தோ தே காசாஸ் நோவோவா என்ற கட்டடக் கலைஞரால் 1738 முதல் 1750 வரை கட்டப்பட்டது. ஆலயமோ 1075-இல் தொடங்கப்பட்டது. அதன் பாணி ரோமனெஸ்க்.

இப்பாணியை அடையாளம் காண்பது எளிது. வளைவுகள் அரைவட்டமாக இருக்கும். கூரை, பீப்பாயை நெடுக்கே பிளந்து கவிழ்த்தது போன்ற கல் வளைவு. அதன் பாரம் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். ஆகவே சுவர்கள் தடித்திருக்கும், சன்னல்கள் சிறுத்திருக்கும், உள்ளே வெளிச்சம் குறைந்திருக்கும்.

முகப்பைக் கடந்ததும் நாம் காண்பது ‘மகிமையின் வாசல்’. சிற்பி மாத்தேயோவின் படைப்பு இது. 1188 என்ற ஆண்டு அதன் கல்வெட்டிலேயே உள்ளது. இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் இதில் உண்டு. ஒரு காலத்தில் இது வெளியே திறந்திருந்தது. பிற்காலத்தார் மாத்தேயோ அமைத்த வெளிப்புறப் பகுதிகளை அகற்றினர். அது பெரிய இழப்பே. ஆயினும் அவர்கள் எழுப்பிய முகப்புதான் இந்த வாசலை மழையிலிருந்து காத்தது. அதன் பெரிய சன்னல்களே உள்ளே ஒளியையும் தந்தன.

2018-இல் முடிந்த சீரமைப்பின்போது சிற்பங்களில் வெவ்வேறு நூற்றாண்டுகளின் வண்ணப் பூச்சுகள் தெரியவந்தன. அந்த வாசலும் பலமுறை புதுப்பிக்கப்பட்டதுதான்.

அப்படியானால் பழைய வெளித்தோற்றத்தை எங்கே காண்பது? தெற்கே உள்ள வெள்ளித் தட்டார் வாசலில். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அது, இன்றும் அரைவட்ட வளைவுகளோடு நிற்கிறது.

வாசகர்களே, பழைய கட்டடம் எதைக் கண்டாலும் முன்புறம் மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். ஒருமுறை சுற்றி வாருங்கள். வளைவு, சுவர், சன்னல் மூன்றையும் ஒப்பிடுங்கள். அவை ஒன்றுக்கொன்று மாறுபட்டால், பின்வந்தவர்கள் எதை அகற்றினார்கள், எதைச் சேர்த்தார்கள், எதைக் காப்பாற்றினார்கள் என்று கேளுங்கள். குழந்தைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.