பந்தலுக்கு ஒரு கொடி போதும்

அன்புள்ள தம்பிக்கு,

மதுரையில் ஒரு வீட்டுப் பின்கட்டில், பத்தடிக்கு எட்டடி இடத்தில் திராட்சைப் பந்தல் கேட்கிறார்கள், அதுவும் விதையில்லாத தாம்சன்தான் வேண்டுமாம் என்று எழுதியிருந்தாய். பேசி மனதை மாற்றப் பார். கடையில் பார்க்கும் அந்தப் பருத்த மணிகள் ஜிப்ரலிக் அமிலத்தில் நனைத்து வந்தவை. அந்த வேலையெல்லாம் வீட்டில் ஆகாது. பன்னீர் திராட்சையை வை. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்கக் காய்க்கிற ரகம், 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. விதை இருக்கும்தான், ஆனால் அந்த மணம் வேறு எதில் உண்டு?

ஒரே ஒரு கொடி வை. தோட்டத்திலேயே ஒரு கொடிக்கு மூன்றுக்கு இரண்டு மீட்டர் விடுகிறார்கள். உன் பந்தலுக்கு இரண்டாவது கொடி பாரம்தான். ஒற்றைத் தண்டாகக் குச்சி கட்டி ஏற்று. பக்கக் கிளைகளைக் கிள்ளிக்கொண்டே வா. பந்தலைத் தொட்டதும் நுனியை வெட்டி, இரு பக்கமும் ஒவ்வொரு கிளை ஓட விடு.

இனி கவாத்து. இதில்தான் உன் கை நடுங்கும் என்று எனக்குத் தெரியும். குளிர்நாட்டில் பனிக்காலம் வந்தால் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும். நம் வெயிலில் அது தூங்குவதே இல்லை. நீ வெட்டினால்தான் அதற்கு அடுத்த பருவம். வெட்டாவிட்டால் இலையாகவே அடர்ந்து போகும். குலைக்கான கரு, முந்தைய வளர்ச்சியில் முற்றிய கிளையின் மொக்குக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. அப்போது அந்தக் கிளையில் வெயில் பட்டிருக்க வேண்டும். நிழலில் புதைந்த கிளையின் மொக்கு இலையாகத்தான் வெடிக்கும். காய்க்காத கொடிக்கு உரம் அள்ளிக் கொட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அதற்கு வேண்டியது கத்தரி.

டிசம்பர், ஜனவரியில் ஒரு முறை, மே, ஜூனில் ஒரு முறை வெட்டு. பென்சில் கனத்தில் பழுப்பேறிய கிளைகளில் நான்கு கணு விடு. மெலிந்தவற்றில் ஒன்றிரண்டு போதும். பற்றுக்கம்பிகளையும் கையோடு எடுத்துவிடு. உரிந்து தொங்கும் பட்டையைச் சுரண்டிவிடு, துளிர் தின்னும் வண்டு அதற்கடியில்தான் முட்டையிடும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவு.

வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வை, பந்தல் மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பதறிப்போவார்கள். இரண்டு வாரத்தில் துளிர்விடும், ஜனவரியில் வெட்டியது சித்திரையில் பழுக்கும் என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்