மரநடுகைக் காலத்திற்கு உடலைப் பழக்குதல்

இலங்கையின் உலர் வலயத்தில் மரக்கன்று நாட்டுவதற்கேற்ற காலம் மிகக் குறுகியது. ஐப்பசியில் மாரிமழை தொடங்கியவுடன் நாட்டப்படும் கன்று, மழை ஓயுமுன் வேரூன்றி விடும். பிந்தி நாட்டப்படும் கன்றோ வேர் ஆழஞ் செல்லுமுன்னரே வறட்சியை எதிர்நோக்கும். ஆதலால் கமக்காரர் கன்றையும் எருவையும் முற்கூட்டியே தேடி வைக்கின்றனர். மண்வெட்டியையும் தீட்டி வைக்கின்றனர். ஆயின் அம்மண்வெட்டியைப் பிடிக்கும் உடலை ஆயத்தஞ் செய்வோர் சிலரே. குழி வெட்டத் தொடங்கிய மூன்றாம் நாளில் இடுப்புப் பிடித்துப் பாயில் படுக்க நேர்ந்தால், மழை அவருக்காகக் காத்திராது. அதே காலத்தில் காலபோக நெல்வயலும் அவரை எதிர்பார்த்திருக்கும்.

வேலையின் அளவு

தென்னைக்கு 3 அடி நீளமும் 3 அடி அகலமும் 3 அடி ஆழமுமுள்ள குழி வெட்டுவது வழக்கம். அத்தகைய குழியொன்றில் 27 கனவடி மண் உண்டு. அதன் நிறை ஒரு தொன்னுக்கு மேற்படும். 26 அடி இடைவெளியில் சதுரமுறையாக நாட்டின் ஏக்கரொன்றிற்கு 64 கன்றுகள் வேண்டும். எனவே ஓர் ஏக்கர் தென்னை நாட்டுபவர் ஏறக்குறைய 70 தொன் மண்ணைத் தம் கைகளால் அள்ளுகின்றார். ஒரு வெட்டில் 5 கிலோ மண் வருமெனக் கொள்ளினும், குழியொன்றிற்கு 200 தடவைக்கு மேல் குனிந்து நிமிர வேண்டும். மழைக்கு முன்னர் நிலம் இறுகியிருப்பதால் அலவாங்கு வேலையும் இதனுடன் சேரும்.

சிறுபோக அறுவடையின் பின் சில வாரங்கள் ஓய்ந்திருந்த உடல் இப்பாரத்தைத் திடீரெனத் தாங்காது. தசைகள் வலுப்பெறச் சில வாரங்கள் செல்லும். வெயிலிற் பாடுபட உடல் பழகுவதற்கும் ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். பழகிய உடலில் வியர்வை விரைவிற் சுரந்து சூட்டைத் தணிக்கும்; வியர்வையுடன் வெளியேறும் உப்பும் குறையும்.

ஐந்து வார ஒழுங்கு

ஆவணி நடுப்பகுதியிலிருந்து பின்வருமாறு தொடங்குதல் நன்று. வாரத்தில் ஆறு நாள் வேலையும் ஒரு நாள் முழு ஓய்வும் கொள்ளல் வேண்டும்.

1-ம் வாரம்: நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடத்தல், பற்றை வெட்டுதல், கயிறு பிடித்து முளையடித்தல் போன்ற இலகுவான வேலைகள்.

2-ம் வாரம்: காலையில் ஒரு மணி நேர மண்வெட்டி வேலை. வரம்பு கட்டுதலும் வாய்க்கால் திருத்துதலும் இதற்குப் பொருத்தமானவை.

3-ம் வாரம்: நாளொன்றிற்கு ஒரு குழி.

4-ம் வாரம்: நாளொன்றிற்கு இரண்டு குழி.

5-ம் வாரம்: நாளொன்றிற்கு மூன்று குழி.

இவ்வாறு செய்பவர் 36 குழிகளை வெட்டி முடித்திருப்பார். தந்தையும் மகனுமாக இருவர் செய்தால் 72 குழிகள். அதாவது மழை தொடங்குமுன்னரே ஓர் ஏக்கருக்குரிய வேலை நிறைவேறிவிடும். உடற்பயிற்சிக்கெனத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. முறையாகக் கூட்டிச் செல்லும் வேலையே பயிற்சியாகும். வெட்டவேண்டிய இடத்தில் முதல்நாள் மாலை சில வாளி நீர் ஊற்றிவிட்டால் மண் இளகும்.

முதுகைக் காக்கும் முறை

1. கால்களை அகற்றி, ஒன்றை முன்வைத்து, முழங்காலைச் சற்று மடித்து நின்று வெட்டுக. குட்டையான பிடி முதுகை வளைக்கும். ஆளின் உயரத்திற்கேற்ற பிடியைப் போடுவித்தல் வேண்டும்.

2. மண்ணை எறியும்போது இடுப்பை முறுக்காது, பாதங்களையும் சேர்த்துத் திருப்புக.

3. முன்பிடிக்கும் கையை இடையிடையே மாற்றுக. ஒரு பக்கமே உழைத்தால் அப்பக்கமே முதலிற் சோரும்.

4. கன்றுப் பையைத் தூக்கும்போது குந்தியிருந்து, நெஞ்சோடணைத்து எழும்புக. நீரை ஒரு பெரிய வாளியிலன்றி இரு சிறு வாளிகளிற் சமமாகச் சுமக்க வேண்டும். வீட்டுப் பெண்களே பெரும்பாலும் நீர் சுமப்பதால் இது அவர்களுக்கும் உரியது.

வேலை செய்த தசையில் இரண்டு மூன்று நாள் நோவு இருப்பது இயல்பு. ஆயின் நோவு இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கால் விறைத்தாலோ வேலையை நிறுத்தி வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

நீரும் உணவும்

வெறுந் தேநீருடன் தோட்டத்திற்குச் செல்வது தவறு. கஞ்சியோ குரக்கன் பிட்டோ உண்டபின் செல்லுதல் வேண்டும். பயறு, உழுந்து, மீன், முட்டை, கீரை என்பன தசைக்கும் இரத்தத்திற்கும் உதவும். உணவுடன் தேநீர் அருந்தினால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும்; ஆதலால் தேநீரைப் பிந்தி அருந்துக.

தாகம் எடுக்கும்வரை காத்திராது 20 நிமிடத்திற்கு ஒரு குவளை நீர் குடித்தல் நன்று. சிறுநீர் கடும் மஞ்சளாயின் நீர் போதவில்லை என்பதே பொருள். வெயில் ஏறுமுன்னும், அது தாழ்ந்தபின்னும் வேலை செய்து, நண்பகலில் நிழலில் இளைப்பாறுக. தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் நிழலிற் கிடத்தி, உடலை நனைத்து விசிறுக. அறிவு தடுமாறுபவரைத் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

முற்கூட்டிய சோதனை

இரத்த அழுத்தம், நீரிழிவு, நெஞ்சுநோவு உள்ளவர்கள் தொடங்குமுன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுக. ஏற்புவலித் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டு கடந்திருந்தால் மீண்டும் போடுவது பற்றியும் கேட்டறிக. கையிற் கொப்புளம் எழுந்தால் தோலை உரிக்காது, கழுவித் துணி சுற்றுக. காலிற் காயத்துடன் வயற்சேற்றில் இறங்கின் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். அதற்கான தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை விசாரித்தறிக.

தென்னை பல்லாண்டு பயன் தரும் மரம். அதனை நாட்டுபவர் அதன் காயைப் பறித்துண்ணும் உடல்நலத்துடன் இருத்தல் வேண்டும். ஆவணி நடுப்பகுதியிலிருந்து ஐந்து வாரம் பொறுமையாகப் பழகியவர், ஐப்பசி மழையில் தளர்வின்றித் தம் தோட்டத்திலும் வயலிலும் நிற்பார்.