கிளறாத தொட்டி மண்ணும் பயிர்ச் சத்தும்

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக உழுது பயிர் செய்த நம் குடும்பங்களுள் பல, இன்று சென்னையிலும் பிற நகரங்களிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்து வருகின்றன. நிலம் ஊரிலேயே தங்கிவிட்டது. பயிரின்மீதுள்ள பற்று மட்டும் உடன் வந்திருக்கிறது. அதன் பயனாக மொட்டைமாடிகளில் தக்காளியும் கத்தரியும் அவரையும் கீரையும் தொட்டிகளில் வளர்கின்றன. இவற்றை வளர்க்கும் தாய்மார்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் கூறுகின்றனர். முதற்பருவத்தில் செழித்த தொட்டி இரண்டாம் பருவத்தில் மெலிகிறது. மூன்றாம் பருவத்தில் காய்ப்பதே இல்லை. 'மண் செத்துவிட்டது' என்று அதனைக் கொட்டிவிட்டுப் புதுமண் வாங்குகின்றனர். கொட்டவும் வேண்டாம், கிளறவும் வேண்டாம் என்பதே நாம் இங்கு விளக்க விரும்புவது.

வயலில் வேர் ஆழ்ந்து சென்று சத்தைத் தேடிக்கொள்ளும். தொட்டியில் அதற்கு இடமில்லை. பதினைந்து லிட்டர் மண்ணே அச்செடியின் உலகம். நாள்தோறும் ஊற்றும் நீர் அடித்துளை வழியே வெளியேறும்போது, கரைந்த தழைச்சத்தும் சாம்பல்சத்தும் உடன் செல்கின்றன. சித்திரை வெயிலில் தொட்டியின் பக்கங்கள் சுடுகின்றன. அவ்வெப்பத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து இயங்கி மட்கைத் தின்று தீர்க்கின்றன. பருவ முடிவில் மண்மட்டம் நான்கு விரற்கடை இறங்கியிருப்பதைக் காண்கிறோமல்லவா? அது மண் அமுங்கியதால் மட்டும் ஏற்பட்டதன்று. உயிர்ப்பொருள் கரிவளியாகக் காற்றில் கலந்துவிட்டது.

இந்நிலையில் மண்ணைக் கொத்திக் கிளறினால் என்ன நிகழும்? புதுக்காற்று புகுவதால் நுண்ணுயிர்கள் இன்னும் விரைந்து மட்கைச் சிதைக்கும். ஓரிரு வாரங்கள் செடி பசுமையாகத் தோன்றும். கிளறியதன் பலன் என்று மகிழ்வோம். உண்மையில் அது சேமிப்பை எடுத்துச் செலவு செய்த மகிழ்ச்சி. மேலும், வேரோடு ஒட்டி வாழும் ஒருவகைப் பூஞ்சை, நூலினும் மெல்லிய இழைகளை மண்ணெங்கும் பரப்பி, வேர் எட்டாத இடத்திலுள்ள மணிச்சத்தைக் கொணர்ந்து தருகிறது. கொத்தும்போது அவ்விழைகள் அறுபடுகின்றன. ஈரறிவுயிராகிய மண்புழுவும் வெட்டுப்படுகிறது. நம் இல்லங்களில் இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை.

உழாமை என்பது புதுக்கருத்தன்று. அமெரிக்காவில் எட்வர்டு ஃபால்க்னர் என்பார் 1943இல், மண்ணைப் புரட்டும் கலப்பை நிலத்திற்குக் கேடு செய்கிறது என்று ஒரு நூலே எழுதினார். ஜப்பானில் ஷிகோகு தீவினரான மசனோபு ஃபுகுவோகா, உழாமலே நெல்லும் வாற்கோதுமையும் விளைவித்துக் காட்டி, 1975இல் தம் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யை வெளியிட்டார். எனினும் அவர்கள் கூறியவை வயலுக்கானவை. வயலுக்கு அடிமண் என்னும் கருவூலம் உண்டு. தொட்டிக்கு அது இல்லையாதலால், கிளறாமல் விட்டுவிட்டாலே போதும் என்று எண்ணுவது சரியாகாது. எடுத்ததைக் கணக்கிட்டுத் திருப்பித் தரவேண்டும்.

அக்கணக்கைச் சற்று விரிவாகவே காண்போம். ஒரு தக்காளிச் செடி 2 கிலோ பழம் தருவதாகக் கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 5 முதல் 6 கிராம் தழைச்சத்தும், 8 முதல் 10 கிராம் சாம்பல்சத்தும் தேவைப்படும். மணிச்சத்து 2 கிராம் அளவே போதும். நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 1 கிலோ இட்டால் அதில் ஏறக்குறைய 10 கிராம் தழைச்சத்து இருக்கும். ஆனால் அது முழுவதும் இப்பருவத்திலேயே கிடைக்காது. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிராம் வெளிவந்தால் நன்று. குறையை எதனால் நிரப்புவது? வேப்பம்புண்ணாக்கில் நூற்றுக்கு 5 பங்கு தழைச்சத்து உண்டு. 100 கிராம் இட்டால் 5 கிராம். அதில் பாதிக்குமேல் அப்பருவத்திலேயே கிடைத்துவிடும். இரண்டும் சேர்ந்து செடியின் தேவைக்கு அருகே வந்துவிடுகின்றன. கடலைப்புண்ணாக்கு இதனினும் வளமானது. நூற்றுக்கு 7 பங்கு. ஆனால் எறும்பை அழைத்துவரும். ஆமணக்குப் புண்ணாக்கில் 4 பங்குக்குச் சற்று மேல் உண்டு. அதில் நஞ்சு இருப்பதால் ஆடு, மாடு, நாய் அணுகும் இடத்தில் அதனைத் தவிர்ப்பதே நலம்.

வேப்பம்புண்ணாக்கிற்கு மற்றொரு சிறப்பு உண்டு. தழைச்சத்து நீரில் எளிதில் கரைந்தோடும் வடிவுக்கு மாறுவதை அது தாமதப்படுத்துகிறது. நாள்தோறும் நீர் வடியும் தொட்டிக்கு இது பெரிய உதவி. 100 கிராமையும் ஒரே வேளையில் இடாமல், நட்ட இரண்டாம் வாரம், பூக்கும் தறுவாய், முதற்காய் பறித்தபின் என மும்முறையாகப் பிரித்து, தண்டை ஒட்டாமல் தொட்டியின் ஓரமாகத் தூவி, மேலே மூடாக்கைப் பரப்பினால் போதும். புண்ணாக்கை நாட்கணக்கில் ஊறவைத்து ஊற்றுவோரும் உளர். விரைவில் பலன் தருவது உண்மையே. ஆனால் நாற்றமும் அதில் பெருகும் ஈப்புழுக்களும் கருதி, நாம் அம்முறையைப் பரிந்துரைப்பதில்லை.

சாம்பல்சத்தின் இயல்பு வேறு. அது உயிர்ப்பொருளோடு இறுகப் பிணைந்திருப்பதன்று. இலையோ தோலோ நைந்தவுடன் நீரில் இறங்கிவிடும். ஆகவே உலர்த்திப் பொடித்த வாழைப்பழத்தோலை மூடாக்கின்கீழ் இடுவது வீண்போகாது. விறகுச் சாம்பலும் நன்றே. ஆயினும் அதில் சுண்ணாம்புத் தன்மை மிகுதி. கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் இல்லங்களில் மண் ஏற்கெனவே காரத்தன்மை அடைந்திருக்கும். அங்குப் பருவத்திற்கு ஒரு தேக்கரண்டிக்குமேல் வேண்டாம்.

இனி மணிச்சத்து. இங்குதான் நம் குடும்பங்கள் விழிப்புடன் இருக்கவேண்டும். கடைகளில் விற்கும் இயற்கை உரக் கலவைகள் பலவற்றில் எலும்புத்தூள் சேர்க்கப்படுகிறது. சிலவற்றில் இரத்தத்தூளும், மீன் கழிவிலிருந்து செய்த கரைசலும் உண்டு. 'இயற்கை' என்ற சொல் இவற்றை விலக்குவதில்லை. பையின்மேல் அச்சிட்டிருப்பதை முழுவதும் படித்தும், ஐயம் இருப்பின் விற்பவரைக் கேட்டும் வாங்குதல் வேண்டும். எலும்புத்தூள் இல்லையேல் பூ பிடிக்காது என்று கூறுவாரை நம்பவேண்டுவதில்லை. மேலே கண்ட கணக்கின்படி தக்காளி கேட்பது 2 கிராம் மணிச்சத்தே. தொழுவுரமும் புண்ணாக்கும் அதனை நிறைவாகவே தருகின்றன. மணிச்சத்து நீரில் எளிதில் கரைந்தோடுவதில்லையாதலால், ஆண்டுதோறும் மட்கு இடும் தொட்டியில் அது குறைவதற்கு மாறாகச் சேர்ந்துகொண்டே வரும். அளவு மிகுந்தால் முன்சொன்ன பூஞ்சை இழைகளும் வேரைவிட்டு நீங்கும். பாறையிலிருந்து கிடைக்கும் ராக் பாஸ்பேட்டு உயிர்க்கொலையின்றி வருவதே. எனினும் அது புளிப்புத்தன்மையுள்ள மண்ணில்தான் கரையும். நம் பகுதிக் காரத்தண்ணீரில் அதனால் பயன் குறைவு.

பருவம் முடிந்ததும் செடியைப் பிடுங்கவேண்டாம். மண்மட்டத்தில் கத்தரிக்கோலால் வெட்டி, வேரை அப்படியே விட்டுவிடுக. அவ்வேர் மட்கிய வழியே அடுத்த பயிருக்குக் காற்றும் நீரும் செல்லும். நோயற்ற தண்டையும் இலையையும் சிறு துண்டுகளாக நறுக்கி மேலே பரப்புக. இறங்கிய மட்டத்தை மட்கினால் நிரப்பி, அதன்மேல் உலர் இலையோ வைக்கோலோ இரண்டு விரற்கடை மூடாக்காக இடுக. புது நாற்றைப் பழைய கட்டையின் அருகே, கை நுழையும் அளவு குழி மட்டும் எடுத்து நடுக. கிழங்கு வகைகளை விலக்கிய இல்லத்தார்க்கு இம்முறை பெரிதும் ஏற்றது. அறுவடைக்காக மண்ணைத் தோண்டும் வேலையே அவர்களுக்கு இல்லை.

உலர் இலையும் வைக்கோலும் மேலேயே இருக்கவேண்டும், மண்ணுக்குள் புதைக்கலாகாது. கரிப்பொருள் மிகுந்த அவற்றைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து தேவை. உள்ளே புதைத்தால் அதனை வேரின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்; செடி வெளுக்கும். மேற்பரப்பில் இருந்தால் அப்போட்டி தொடும் இடத்தோடு நின்றுவிடும். மட்காத தென்னை நார்க்கழிவுக்கும் இதே குற்றம் உண்டு. அதில் கரிக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். உப்பும் கூடுதல். பலமுறை அலசி, மட்கச் செய்தபின்னரே தொட்டிக்கு ஆகும்.

ஆண்டில் ஒரு பருவம் தட்டைப்பயறோ அவரையோ விதைப்பது சிக்கனமான வழி. ஆனால் காய் முற்றும்வரை விட்டால் வேர்முடிச்சில் சேர்ந்த தழைச்சத்தின் பெரும்பகுதி விதைக்கே சென்றுவிடும். மண்ணுக்கு வேண்டுமெனில் பூக்கும்போதே வெட்டி மேலே பரப்பவேண்டும். உணவுக்கு வேண்டுமெனில் மண்ணுக்குக் கிடைப்பது சிறிதே என்று தெரிந்துகொள்ளவேண்டும். முளைக்கீரை, தண்டுக்கீரை வகைகள் பூஞ்சை இழைகளோடு பெரும்பாலும் உறவு கொள்வதில்லை. தொடர்ந்து கீரையே விதைக்கும் தொட்டியில் இடையிடையே வெண்டையோ மிளகாயோ நடுவது நன்று.

குறையை இலையே காட்டும். கீழிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. கீழிலையின் ஓரம் தீய்ந்தால் சாம்பல்சத்து. நரம்பு பச்சையாக இருக்க இளந்தளிர் வெளுத்தால் இரும்புச்சத்து; இது மண்ணில் இரும்பு இல்லாமையைவிட, காரத்தன்மையால் அது கரையாமையையே பெரும்பாலும் குறிக்கும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவது இதற்குத் துணைபுரியும். தக்காளியின் அடி கறுத்து அமிழ்ந்தால் சுண்ணாம்புச்சத்து காய்க்குச் சென்று சேரவில்லை என்று பொருள். உடனே சுண்ணாம்பைத் தேடவேண்டா. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதே பெரும்பாலும் காரணம்.

கிளறாமைக்கு ஒரு விலக்கும் உண்டு. வெட்டிய செடியின் அடிவேரைச் சற்று விலக்கிப் பார்க்கையில் மணிமணியாக வீக்கங்கள் தென்பட்டால் அது நூற்புழுவின் வேலை. பயற்றின் வேர்முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் உதிர்க்கலாம்; நூற்புழு வீக்கம் வேரே பருத்தது, உதிராது. அத்தகைய வேரைத் தொட்டியில் விடாது மெல்ல எடுத்துவிட்டு, அடுத்த இரு பருவங்களுக்குத் தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றையும் தவிர்த்து, அங்குத் துலுக்கச் சாமந்தியை நடலாம்.