நம்ம வீட்டுக்கே கணக்கு வராதா?

ஊத்துக்குளி

அன்புள்ள அம்முணிக்கு,

சின்னவன் கணக்கு நோட்டை விரித்ததும் பென்சில் சீவுகிறான், தண்ணிக்கு எழுகிறான், சன்னலைப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தாய். அதைவிட, கடைசியில் ‘நம்ம வீட்டுக்கே கணக்கு வராது பெரியப்பா’ என்றாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. உன் படிப்பை நிறுத்தியபோதும் இதே சாக்கைத்தான் சொன்னார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்தப் பேச்சு பிள்ளைக்குள் இறங்கிவிடும், சாமி. அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. கணக்குக்கு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவிய வீடுகளில் பிள்ளைகள் குறைவாகக் கற்றார்கள், அவர்களுக்கும் அச்சம் கூடியது. அடிக்கடி உதவாத வீடுகளில் அப்படி ஆகவில்லை. மனசு ஒரே சமயத்தில் சில எண்களைத்தான் பிடித்துவைக்கும். அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தால், கடன் வாங்கியது எந்த இலக்கத்தில் என்பதே மறந்துபோகும். சன்னலைப் பார்ப்பது அதிலிருந்து தப்பிக்கத்தானோ என்னவோ.

அப்படியானால் டியூஷனில் விடுகிறேன் என்பாய். முடிவு உன்னுடையது. ஆனால் பள்ளியில் நாளெல்லாம் உட்கார்ந்தவனை இன்னோரிடத்தில் உட்காரவைத்து அதே கணக்கை எழுதவைத்தால் எது மாறும்? 2022-ல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துத்தான் சொல்லித்தருகிறார்கள். பின்னத்தில் தடுமாறினால் வகுத்தலுக்கு இறங்கு, அதில் வெட்கமில்லை. உனக்குத் தெரியாது என்றும் சொல்லாதே. ஒன்றரை ஷிப்ட் வீதம் நாலு நாளென்றால் ஆறு ஷிப்ட் என்று சம்பளத்தன்று யாரைக் கேட்டுச் சொல்கிறாய்? நூல் நம்பர் கூடக்கூட இழை ஏன் மெலிகிறது என்று அவனைக் கேள். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் எத்தனை தடவை அடங்குகிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பரென்றால் 33,600 கெஜம். பெருக்கல், வகுத்தல் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. திண்ணைப் பள்ளிகளில் 320-ல் ஒன்றான முந்திரி வரைக்கும் எண்சுவடியை வாயால் சொல்லிச் சொல்லியே பழகினார்கள். (பிரம்பும் கூடவே இருந்தது, அது நமக்கு வேண்டாம்.) எட்டரைக்குக் கம்பெனி விட்டு வந்தால் நேரமேது என்பது நியாயம்தான். துணி மடிக்கும்போது பத்து நிமிஷம், மூன்றே கணக்கு, வாயால் கேள். சரியாக வந்த கணக்கோடு நிறுத்து.

அதிகமாகச் சொல்லிவிட்டேன், கண்ணு. உன்னைப்போல் பிள்ளை வளர்க்க இங்கே யாருக்கு வரும்? ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வா. பெரியம்மா வெண்ணெய் காய்ச்சி நெய் எடுத்து வைத்திருக்கிறாள். கணக்கு நோட்டு எடுத்துவர வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா