வளைகாப்பு நாளில் ஒரு மணி நேரம்

முதல் பிரசவம் என்றால், வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பிறகு இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிற்பது குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்றைக்குத்தான். அன்றைக்கு யாருக்கும் படம் எடுத்துக்கொள்ளப் பொறுமை இருக்காது. சித்தூரிலும் திருப்பதியிலும் இப்போது ‘மெட்டர்னிட்டி ஷூட்’ என்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்கிறார்கள்: தரையில் புரளும் கவுன், கலர் புகை, கணவனும் மனைவியும் மட்டும். வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் இருபது வருஷம் கழித்துப் பிள்ளை ஆல்பத்தைப் புரட்டிக் கேட்கப்போகிற கேள்வி, ‘இந்தப் பாட்டி யாரு, இந்த மாமா ஏன் இப்ப வர்றதில்ல’ என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்லும் படங்களை வளைகாப்பு நாளிலேயே எடுத்துவிடலாம். சடங்குக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கர்ப்பிணியைப் படம் எடுப்பது மேல்நாட்டுப் பழக்கம் என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால் ஒன்று சொல்லலாம். அமெரிக்காவில் ‘வேனிட்டி ஃபேர்’ பத்திரிகை, போட்டோகிராபர் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த நடிகை டெமி மூரின் கர்ப்பகாலப் படத்தை அட்டையில் போட்டது 1991 ஆகஸ்டில். அது அங்கே பெரிய சர்ச்சையாயிற்று. நம் ஊர்களிலோ அதற்கு வெகுகாலம் முன்பே, பூ ஜடை தைத்த பெண்ணை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து, முகமும் ஜடையும் ஒரே படத்தில் தெரிய எடுத்து மாட்டினார்கள். மாமியாரின் பீரோவைத் திறந்தால் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும்.

நாளும் நேரமும்

வளைகாப்பை ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதத்தில்தான் வைக்கிறோம். இந்தப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் ஸ்ரீமந்தத்துக்கும் இதே கணக்குத்தான். போட்டோகிராபர்கள் பொதுவாகச் சொல்லும் நல்ல காலம் 28-லிருந்து 34 வாரம் வரை: வயிறு எடுப்பாகத் தெரியும், நடமாட்டமும் சுலபமாக இருக்கும். ஏழாம் மாத வளைகாப்பு அநேகமாக இதை ஒட்டியே வரும். இரட்டைக் குழந்தை என்றால் சில வாரம் முன்னதாகவே முடித்துக்கொள்வது நல்லது. டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முகூர்த்தம் ஒன்பதரைக்கு என்றால், படத்துக்கு ஏழரை முதல் எட்டரை வரை. பங்குனி, சித்திரையில் இந்த ஊர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். பட்டுப்புடவையும் பூபாரமுமாக ஒரு கர்ப்பிணியைப் பதினொரு மணிக்கு வெளியே நிறுத்துவது கொடுமை. அந்த நேரத்து உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும், படமும் நன்றாக வராது.

முதல் நாளே ஓர் ஆளை நியமியுங்கள். நாத்தனாரோ சித்தியோ, அதட்டினால் நாலு பேர் கேட்கிற ஆளாக இருக்க வேண்டும். ‘அடுத்து யார், எங்கே’ என்று கூட்டி வருவது அவர் வேலை. போட்டோகிராபருக்கு உங்கள் பெரியப்பாவையும் சமையல்காரரையும் வித்தியாசம் தெரியாது.

இடம்

வீடுதான் முதல் இடம். கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த வாசலோ ஜன்னலோ இருக்கிற அறையில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கவாட்டாகப் பெண்ணை உட்காரவையுங்கள். பச்சை, ரோஜா நிறச் சுவர் முகத்தில் சாயமடிக்கும். எதிரே வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டால் சாயமும் குறையும், நிழல் பக்கத்துக்கு வெளிச்சமும் திரும்பும். மண்டபம் என்றால் ஊதா நிற அலங்கார விளக்குகளைப் பத்து நிமிஷம் அணைக்கச் சொல்லுங்கள். கெஞ்சியாவது.

வெளியில்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சித்தூரைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கிளிமூக்கு மாமரத்தின் அடர்ந்த நிழலில் காலை ஒன்பது வரை வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். நடுத்தோப்புக்குள் போகாமல் ஓரத்து மரத்தடியில் நில்லுங்கள். உள்ளே போகப்போக இலையின் பச்சை தோலில் ஏறும். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மருந்து அடித்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பதிக்காரர்கள் சந்திரகிரிக் கோட்டைக்குப் போகிறார்கள். ராஜ மஹாலும் பின்னால் பாறைக்குன்றும் அழகுதான். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கையில் கேமராவோடு படம் எடுப்பது வேறு. முக்காலி, விளக்கு, உடைமாற்றம் என்று தொழில்முறையில் எடுக்க முன் அனுமதி வேண்டும். அதைப் போட்டோகிராபர் வாங்கிவிட்டாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தலக்கோணா அருவியைச் சிலர் சொல்வார்கள். வழுக்குப் பாறையும் காட்டுவழியும் ஏழு மாதக்காரிக்கு எதற்கு?

திருமலை பற்றித் தெளிவாகவே சொல்லிவிடலாம். கோயிலுக்குள் போனுக்கும் கேமராவுக்கும் அனுமதியில்லை. கோயில் வாசலில் ஜோடியாகப் போஸ் கொடுத்து எடுப்பதும் அங்கே வரவேற்கப்படுகிற காரியம் இல்லை. தரிசனத்தைத் தரிசனமாக வைத்துக்கொண்டு, படத்தை மலைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோவிடம் பேசும்போது

எத்தனை படம் திருத்தித் தருவார், திருத்தாத மூலப் படங்களையும் தருவாரா, ஆல்பம் எத்தனை பக்கம் என்று அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ‘எங்களைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடக்கூடாது’ என்ற வரியும் அதிலேயே இருக்கட்டும். இன்னொன்று: தோலை வெளுக்கச் செய்யாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் செய்துவிடுவார்கள், தங்கமான மாநிறப் பெண் சுண்ணாம்பு பூசின மாதிரி வந்து நிற்பாள்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, நீலப் பலூனா ரோஜாப் பலூனா என்று குழந்தையின் பாலினத்தை அறிவிக்கும் படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 1994-ஆம் வருஷச் சட்டப்படி பிறக்கும் முன் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதே குற்றம். ஸ்கேன் படத்தைக் கையில் வைத்து எடுக்கலாம். அதிலுள்ள பெயர், ஆஸ்பத்திரி எண்ணை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.

பூ ஜடைப் படம்

இது ஒன்றுதான் கொஞ்சம் வித்தை கேட்கிற படம். ஜடை தைத்து முடித்த அரைமணிக்குள் எடுத்துவிட வேண்டும். மல்லிகை மலர்ந்து நிறம் மங்கத் தொடங்கினால் ஒவ்வொரு பூவும் தனித்துத் தெரியாது.

ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, பெண்ணின் முதுகுக்கு ஒரு கை தூரத்தில், கொஞ்சம் சாய்கோணமாக வையுங்கள். பெண் முக்கால் பங்கு கேமரா பக்கம் திரும்பி உட்கார வேண்டும். இப்போது கேமராவை இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். ஜடை முழுக்கக் கண்ணாடியில் தெரிகிற, அதே சமயம் போட்டோகிராபர் தெரியாத இடம் ஒன்று அகப்படும். அங்கே தரையில் சாக்பீஸால் குறி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் தெரிகிற மற்ற சமாச்சாரங்களையும் பாருங்கள்: காயப்போட்ட துண்டு, பிளாஸ்டிக் நாற்காலி, எட்டிப் பார்க்கும் பையன்.

பலர் தவறுகிற இடம் ஃபோகஸ். கண்ணாடியில் தெரியும் ஜடை கண்ணாடியின் பரப்பில் இல்லை. ஜடையிலிருந்து கண்ணாடி எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் கண்ணாடிக்கும் பின்னால் இருப்பதாகத்தான் லென்ஸ் கணக்கெடுக்கும். எஃப்/2 மாதிரி அகலத் திறந்து எடுத்தால் முகம் துல்லியமாகவும் ஜடை பஞ்சாகவும் வரும். எஃப்/8-லிருந்து எஃப்/11-க்குள் வைத்து, கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். கண்ணாடியைப் பெண்ணுக்கு எவ்வளவு பக்கம் நகர்த்துகிறீர்களோ அவ்வளவு சுலபம். வெளிச்சம் குறைந்தால் முக்காலி போட்டு ஷட்டரை நிதானமாக்கலாம், அவள் உட்கார்ந்துதானே இருக்கிறாள். போனில் எடுத்தால் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள்; அது மல்லிகை ஓரங்களையெல்லாம் மழித்துவிடும்.

முகத்துக்கு ஒரு வெளிச்சம், முதுகுக்கு இன்னொன்று வேண்டும். ஜன்னல் முகத்துக்கு, ஜடைக்குப் பின்பக்கம் திறந்த கதவோ, வெள்ளைத் துணியில் மோதித் திரும்பும் விளக்கோ. நேர் ஃபிளாஷ் கூடாது: கண்ணாடியும் திருப்பி அடிக்கும், ஜரிகையும் வெளுத்துவிடும்.

நலங்கு வைத்து, கன்னத்தில் சந்தனமும் கை நிறைய வளையலுமாக ஆன பிறகு அதே இடத்தில் இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். எனக்கு எப்போதும் இரண்டாவதுதான் பிடிக்கும். அலங்காரம் கொஞ்சம் கலைந்து, முகம் இளகியிருக்கும்.

எல்லோரும் உட்கார்ந்த படம்

பெரியவர்களுக்கு நாற்காலி. பெண் நடுவில், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மாமியார். நிற்பவர்கள் இரண்டு நாற்காலிக்கு இடைப்பட்ட சந்தில் நிற்கட்டும். அகல லென்ஸ் ஓரத்தில் இருப்பவர்களை இழுத்துப் பெருக்கிக் காட்டும். ஆகவே ஒல்லியான பையன்களை ஓரத்துக்கு அனுப்புங்கள். கேமரா உட்கார்ந்தவர்களின் மார்பு உயரத்தில், இரண்டு வரிசைக்கு எஃப்/8. குழந்தைகள் இருந்தால் ஷட்டர் 1/250-க்குக் குறையக்கூடாது.

எத்தனை படம் எடுத்தால் ஒருவரும் கண் மூடாத படம் கிடைக்கும்? ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் இதற்குக் கணக்கே போட்டு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை 2006-இல் வாங்கினார்கள். இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள். மங்கலான வெளிச்சத்தில் இரண்டால். பதினெட்டுப் பேருக்கு ஆறு படம், இருட்டு மண்டபத்தில் ஒன்பது.

கணவனை இழந்த பாட்டியையோ அத்தையையோ வளைகாப்பில் ஒதுங்கி நிற்கச் சொல்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. சடங்கில் உங்கள் வீட்டு முறை எப்படியோ, படத்தில் அந்தப் பாட்டி முன்வரிசை நாற்காலியில் உட்கார வேண்டும். சடங்குக்கு முன்னாலேயே படம் எடுக்கச் சொல்வதில் எனக்கு இந்தக் காரணமும் உண்டு. அந்த நேரத்தில் யாரும் யாரையும் ஒதுக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

பெண்ணை இருபது நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கவைக்காதீர்கள். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். படுத்த நிலையில் படம் வேண்டுமென்றால் இடப்பக்கம் ஒருக்களித்து. மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றலாம்.

பிறந்த பிறகு

கன்னத்தைக் கையில் தாங்கியபடி பச்சைக் குழந்தை உட்கார்ந்திருக்கும் படங்கள் இரண்டு மூன்று படங்களை ஒட்டிச் செய்தவை. எடுக்கும்போது பெரியவர் ஒருவரின் கை தலையைப் பிடித்திருக்கும். நிஜமாகவே உட்காரவைக்க முயலும் ஆளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தீட்டு கழியும்வரை வெளியாளை விட மாட்டோம் என்கிற வீடுகளில் அப்பாவின் போனே போதும்: ஜன்னலோரத் தொட்டில், இரண்டு மடங்கு ஜூம், ஃபிளாஷ் இல்லாமல். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் திருத்துகிறவர் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமலையில் மொட்டை போடுவதென்றால், முடியோடு ஒரு படம் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். அங்கே மழித்த தலையைச் சந்தனம் பூசுமுன் எடுத்தால் வெயில் பட்டுப் பளபளக்கும். பூசிக் காய்ந்த பிறகு எடுத்தால் நிறமும் வடிவமும் ஒழுங்காக வரும். தங்கும் அறை வாசலே போதும்.

வருஷா வருஷம் ஒரே படத்தைத் திரும்ப எடுப்பதைப் போல வேறெதுவும் பலன் தருவதில்லை. நிக்கோலஸ் நிக்சன் என்ற அமெரிக்கர் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் ஒவ்வொரு வருஷமும் ஒரே வரிசையில் நிறுத்தி, நாற்பது வருஷத்துக்கும் மேல் எடுத்தார். நீங்கள் பொங்கலன்று அதே திண்ணையில், அதே வரிசையில் எடுங்கள்.

வைத்துக் காப்பது

ஸ்டுடியோ வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். கடை கைமாறும், ஹார்ட் டிஸ்க் செத்துப்போகும். 1880 முதல் 1980 வரையான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு ஊர் ஊராக இறங்க வேண்டியிருந்தது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பிரதி வையுங்கள்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி டிஸ்க்கில், ஒன்று தாய்வீட்டில். பாட்டி காலத்துப் படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து அதே கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பசைப் பக்கமும் பிளாஸ்டிக் தாளும் உள்ள பழைய மாதிரி ஆல்பம் வேண்டாம். சில வருஷத்தில் படம் ஒட்டிக்கொண்டு பிரிக்கவே வராது.

பத்துப் படத்தையாவது போட்டோ பேப்பரில் போடுங்கள், ஃபிளெக்ஸில் வேண்டாம். பின்பக்கம் மென்மையான பென்சிலால் தேதி, இடம், இடமிருந்து வலமாகப் பெயர்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் அழுந்தித் தெரியும். இந்தப் பக்கத்து வீடுகளில் பாட்டி தமிழ் படிப்பார், பேத்தி பள்ளியில் தெலுங்கு படிப்பாள். பெயர்களை இரண்டு எழுத்திலும் எழுதுங்கள். ‘ரேணிகுண்டா மாமா’ என்று உறவை மட்டும் எழுதி விட்டுவிடாமல் அவருடைய முழுப்பெயரையும் கேட்டு எழுதுங்கள். அவர் அன்றைக்கு அங்கேதான் இருப்பார், பந்தியில்.