குளிர்காலச் சாலைக்கு ஒரு பழைய எஸ்யூவி: விலை பேசுமுன் அறிய வேண்டியவை

பணிமாற்றம் பெற்று வடக்கே செல்லும் வாடிக்கையாளர்கள் பலருக்கு முதல் குளிர்காலமே ஒரு பாடமாகிவிடுகிறது. சென்னையிலோ மதுரையிலோ கார் வாங்கும்போது ஏ.சி. நன்கு வேலை செய்கிறதா என்றுதான் நாம் முதலில் பார்ப்போம். சிம்லாவிலும் டேராடூனிலும் சண்டிகரிலும் ஜனவரி மாத விடியலில் வண்டியைக் கிளப்பும்போதுதான் வேறு கேள்விகள் எழுகின்றன. பேட்டரி உயிர் பெறுமா? கண்ணாடியில் படியும் ஈரம் விலகுமா? வழுக்கும் சரிவில் டயர் பிடிக்குமா?

புதிய வண்டியின் விலை கைக்கு எட்டாதபோது, தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் பழைய சிறிய எஸ்யூவி ஒன்றை வாங்கலாம் எனப் பலரும் முடிவு செய்கின்றனர். முடிவில் தவறில்லை. ஆனால் உயரமான தோற்றம் குளிர்காலப் பாதுகாப்பாகிவிடாது. பாதுகாப்பைத் தருபவை டயர், பேட்டரி, பிரேக், வெப்பமூட்டி ஆகியவை. சேமிப்பைக் காப்பவை ஆவணங்கள். ஆகவே கையிருப்பு முழுவதையும் வண்டியின் விலைக்கே கொடுத்துவிடாமல், அதில் ஒரு பங்கை இவற்றுக்கென ஒதுக்கி வைப்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்தாகும்.

எந்தக் குளிர்?

முதலில் நாம் ஓட்டப்போகும் குளிர் எது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். டெல்லி, பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசச் சமவெளிகளில் பிரச்சினை பனிப்பொழிவு அன்று. டிசம்பர், ஜனவரி மாதங்களின் அடர்ந்த மூடுபனி. அங்கே தேவைப்படுபவை நல்ல முகப்பு விளக்குகள், முன்னும் பின்னும் மூடுபனி விளக்குகள், பின்கண்ணாடியின் ஈரம் போக்கும் மின்கம்பிகள், சரியாக இயங்கும் ஏ.சி. ஆகியவை. ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், வெப்பமூட்டியுடன் அதையும் சேர்த்து இயக்கினால்தான் முன்கண்ணாடி விரைந்து தெளியும். இவையெல்லாம் சரியாக இருந்தால் முன்சக்கர இயக்கமுள்ள எளிய வண்டியே சமவெளிக்குப் போதும். நான்கு சக்கர இயக்கத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சிம்லா, மணாலி, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் பனி சாலையிலேயே படிகிறது. பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய பனித்தகடாகிறது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை லாஹௌல் பள்ளத்தாக்கை ஆண்டு முழுவதும் மணாலியுடன் இணைக்க வந்தது. எனினும் கடும் பனி விழும் நாள்களில் சோலங் நாலாவுக்கு அப்பால் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளை மட்டும் காவல்துறை அனுமதிப்பது வழக்கம்.

லடாக்கின் குளிர் வேறு வகையானது. அங்கே சாதாரண டீசலே கட்டிதட்டி ஓட மறுக்கும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கு அறிமுகப்படுத்தியதற்குக் காரணம் இதுவே.

உயரம் வேறு, இயக்கம் வேறு

நம் நாட்டில் 4 மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டவை. மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, மஹிந்திரா எக்ஸ்யூவி 300, ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஆகிய அனைத்தும் இவ்வகையினவே. எஞ்சினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே அமர்வதால், சிறு வழுக்கலை இவை ஓரளவு சமாளிக்கும். தடித்த பனியில் ஏற்றம் ஏற இவற்றுக்குச் சங்கிலி தேவை. சங்கிலியை இயங்கும் சக்கரங்களில், அதாவது இவ்வண்டிகளில் முன்சக்கரங்களில், மாட்ட வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் உண்மையிலேயே தேவைப்படுவோருக்குப் பழைய வண்டிச் சந்தையில் தெரிவுகள் சிலவே. 2014இல் வந்த ரெனோ டஸ்டரின் நான்கு சக்கர வகை அளவான விலையில் கிடைக்கக்கூடியது. 2022இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் வகையும், 2023இல் வந்த ஜிம்னியும் விலை கூடியவை. மஹிந்திரா தாரில் ஓர் எச்சரிக்கை உண்டு: 2023 முதல் பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்ட வகையும் விற்பனையாகிறது. வெளித்தோற்றத்தில் வேறுபாடு அதிகம் தெரியாது. பனியில் நன்றாகவே தெரியும். எனவே பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றும் நெம்புகோலோ பொத்தானோ இருப்பதைக் கண்ணால் பார்த்து, ஓட்டியும் சோதித்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. நான்கு சக்கர இயக்கம் வண்டி புறப்படவும் ஏறவும் உதவுமேயன்றி, நிற்க உதவாது. பிரேக் மிதிக்கும்போது எல்லா வண்டிகளும் நான்கு டயர்களின் பிடிப்பையே நம்பியிருக்கின்றன. ஆகவே ஏபிஎஸ் வசதியும், வண்டி சறுக்கும்போது தானே சீராக்கும் இஎஸ்சி வசதியும் உள்ள வகையைத் தேடுவது நல்லது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. இஎஸ்சி பழைய மாடல்களின் கீழ்நிலை வகைகளில் பெரும்பாலும் இராது.

நேரில் சோதிக்க வேண்டியவை

வண்டியைப் பார்க்க அதிகாலையிலேயே செல்வோம். நாம் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், டீசல் வண்டியாயின் வெப்பச் செருகிகள் ஆகியவற்றின் உண்மை நிலை வெளிப்படும். முழுமையாக மின்னேறிய நல்ல பேட்டரி, எஞ்சின் ஓடாத நிலையில் 12.6 வோல்ட் அளவைக் காட்ட வேண்டும். குளிரில் பேட்டரியின் திறன் குறைகிறது. எஞ்சின் எண்ணெய் கெட்டிப்பதால் அதன் சுமையோ கூடுகிறது. கோடையில் ஒருவாறு ஒப்பேற்றிய பேட்டரி ஜனவரியில் கைவிடுவது இதனால்தான்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 3521 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஆழமான வரிகள் இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். டயரின் தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில் வைக்கப்பட்டுள்ளது. பனிச்சாலைக்கு வரிகளின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருத்தல் நலம். சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். மூன்று சிகரங்களுக்கு நடுவே பனித்துகள் வரைந்த சின்னம் உள்ள டயர்களே பனிக்கெனச் சோதிக்கப்பட்டவை.

எஞ்சின் ஆறியிருக்கும்போது குளிர்விப்பு நீர்க் கலத்தைப் பார்க்க வேண்டும். அதில் வெறும் தண்ணீர் இருந்தால் உறையும்போது விரிந்து எஞ்சினையே பிளக்கக்கூடும். கிளைக்கால் திரவமும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. சமவெளியில் வண்டி ஓட்டியவர்கள் குறைந்த நீருக்குக் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்திருப்பர் என்பதால், வாங்கியதும் இத்திரவத்தை முழுவதும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

புகைபோக்கிக் குழாயில் துரு அரித்த ஓட்டை உண்டா என்பதை வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்ப்பது இன்றியமையாதது. கண்ணாடிகளை மூடி வெப்பமூட்டியை இயக்கி ஓட்டும் நாள்களில், கசியும் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தால் நிறமோ மணமோ காட்டாது, உயிரையே பறித்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும். தரைவிரிப்பின் அடியில் ஈரமும் இருக்கைத் தண்டவாளத்தில் துருவும் உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்வோம்.

டெல்லி வட்டாரத்தில் டீசல்

மலையில் டீசல் எஞ்சினின் இழுவை விரும்பத்தக்கது. ஆனால் டெல்லியில் வசிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் காற்று மாசு மிகும்போது படிநிலை நடவடிக்கைத் திட்டத்தின் மூன்றாம் நிலை அமலாகிறது. அப்போது டெல்லி, குருகிராம், ஃபரிதாபாத், காஜியாபாத், கௌதம புத்த நகர் ஆகிய பகுதிகளில் பிஎஸ் 4 டீசல் கார்களும் பிஎஸ் 3 பெட்ரோல் கார்களும் ஓடத் தடை வருகிறது. 2020 ஏப்ரலுக்கு முன் விற்ற டீசல் எஸ்யூவிகள் பெரும்பாலும் பிஎஸ் 4 வகையினவே. முன்னர்க் கூறிய டஸ்டரின் நான்கு சக்கர வகையும் அவற்றுள் ஒன்று. குளிர்காலத்துக்கென வாங்கிய வண்டி, குளிர்காலத்திலேயே வீட்டு வாசலில் நிற்க நேரலாம்.

இதனுடன், தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் பற்றிய ஆணைகளும் உண்டு. நீதிமன்ற உத்தரவுகளால் இவ்விதிகள் மாறிவருவதால், வாங்கும் நாளில் நடப்பிலுள்ள நிலையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது அவசியம்.

ஆவணங்களில் அவசரம் வேண்டாம்

பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் வண்டியில் உள்ளவற்றுடன் நாமே ஒப்பிடுவோம். முந்தைய கடனுக்கான அடமானப் பதிவு நீக்கப்படாமல் இருந்தால், கடன் கொடுத்த வங்கியின் நிலுவையின்மைச் சான்றும் படிவம் 35உம் பெற வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29உம் 30உம் தேவை. வேறு மாநில வண்டியாயின் படிவம் 28இன்படி தடையின்மைச் சான்று வேண்டும். ஒரு மாநிலத்து வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அங்கு கட்டவேண்டிய சாலை வரியையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுவோம்.

காப்பீட்டை 14 நாள்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவர் ஈட்டிய கோரிக்கையின்மைத் தள்ளுபடி அவருக்கே உரியது, நமக்கு வராது. நாமே பழைய வண்டியை விற்கும்போதும் இதே கவனம் தேவை. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவுபடுத்தியுள்ளது. சாவியைக் கொடுத்ததும் பொறுப்பு தீர்ந்தது என்றிருந்துவிடலாகாது.

கடனும் கணக்கும்

பழைய வண்டிக்கான கடனில் வட்டி பொதுவாகப் புதிய வண்டிக் கடனைவிடக் கூடுதலாகவே இருக்கும். கடன் அளவும் விற்பவர் சொல்லும் விலையை அன்றி மதிப்பீட்டாளர் தரும் மதிப்பைப் பொறுத்தே அமையும். எடுத்துக்காட்டாக, 5 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டியில் பெற்றதாகக் கொள்வோம். 4 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை ஏறத்தாழ 12,920 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 1,20,000 ரூபாய். 5 ஆண்டுகளானால் தவணை ஏறத்தாழ 10,870 ரூபாயாகக் குறையும். வட்டியோ ஏறத்தாழ 1,52,000 ரூபாயாக உயரும். தவணையின் இலேசுக்கு நாம் கொடுக்கும் விலை 32,000 ரூபாய்.

நம் வரவுசெலவு 7 லட்சம் ரூபாய் எனில், வண்டியை 6 லட்சத்துக்குள் முடிப்பது விவேகம். மீதமுள்ள 1 லட்சம் டயர், பேட்டரி, குளிர்விப்புத் திரவம், பிரேக் பட்டைகள், பெயர்மாற்றக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றுக்கு வேண்டியிருக்கும். இவற்றுள் பல முதல் குளிர்காலத்துக்கு முன்பே செய்யப்பட வேண்டியவை. கையிலுள்ள அனைத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டுத் தேய்ந்த டயருடன் மலையேறுவதைவிட, ஓரிரு ஆண்டு பழைய மாடலை வாங்கி நல்ல டயருடன் ஏறுவது மேல்.

நம் வண்டியில் ஏறி அமர்பவர்கள் நம் பெற்றோரும் பிள்ளைகளும்தான். விற்பவர் அவசரப்படுத்தினால் வேறு வண்டி பார்ப்போம். சந்தையில் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, ஆவணங்களைச் சரிபார்த்து, அதன் பின்னரே முன்பணம் கொடுப்போம்.