வாட்டைக் கூட்டினால் இருட்டு போகாது

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் டீக்கடையில் நின்றால் வாரத்துக்கு ஒரு தரமாவது இந்தப் பேச்சு காதில் விழுகிறது. "கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல ஒரே இருட்டு சார். 45 வாட்டைக் கழட்டிட்டு 90 வாட் போடச் சொல்லணும்." போன வாரம் அதையே மனுவாக எழுதி, கையெழுத்துக் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் போடவில்லை. விளக்குகளுக்கு லென்ஸ் வடிவமைப்பது என் தொழில். தெரிந்தே தப்பான மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட முடியாது.

இருட்டு இருப்பது உண்மை. பெண்கள் அந்த இடத்தை வேகமாகக் கடப்பதையும், சைக்கிளில் வரும் பிள்ளைகள் பள்ளம் தெரியாமல் விழுவதையும் நானும் பார்க்கிறேன். ஆனால் வாட்டைக் கூட்டினால் அந்த இருட்டு போய்விடும் என்று யார் சொன்னது?

கணக்கைப் பாருங்கள். லென்ஸ் இல்லாத எல்.ஈ.டி. சில்லு எல்லாப் பக்கமும் சமமாக ஒளி வீசாது. நேர் எதிரே அதிகம் வீசும், சாயச் சாயக் குறையும். 60 பாகை சாய்வில் பாதிதான் இருக்கும். 8 மீட்டர் உயரக் கம்பங்கள் 28 மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன என்று வையுங்கள். இரண்டுக்கும் நட்டநடுவில் உள்ள இடத்துக்கு ஒளி ஏறக்குறைய அந்த 60 பாகையில்தான் போய்ச் சேர வேண்டும். தூரமும் இரட்டிப்பு, தரையில் விழுவதும் சரிந்து விழுகிறது. எல்லாம் சேர்ந்து, ஒரு விளக்கு தன் காலடியில் தரும் வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் அங்கே விழும். இரு பக்க விளக்கும் சேர்ந்தால் எட்டில் ஒரு பங்கு. தரையில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். கம்பத்தடியில் 40 லக்ஸ் என்றால் நடுவில் 5 லக்ஸ்.

இப்போது வாட்டை இரட்டிப்பாக்குங்கள். கம்பத்தடியில் 80, நடுவில் 10. எட்டுக்கு ஒன்று என்ற விகிதம் அப்படியே இருக்கிறது! நம் கண் 80 லக்ஸுக்குப் பழகிய பிறகு 10 லக்ஸில் நுழைந்தால் அது மறுபடி இருட்டாகத்தான் தெரியும். நடுவில் அந்த 10 லக்ஸைப் பெறுவதற்காகக் கம்பத்தடியில் வீணாகக் கொட்டும் 80-க்கும் சேர்த்துத்தான் மின்கட்டணம். அதைக் கட்டுவது அரசுப் பணம் என்றால் நம் பணம்தான்.

சாலை விளக்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1944 முக்கியச் சாலைக்குச் சராசரி 30 லக்ஸ் கேட்கிறது, சிறிய தெருக்களுக்கு 8 அல்லது 4. அதோடு நிற்காமல், மிகக் குறைந்த வெளிச்சம் சராசரியில் எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பெரிய சாலைக்கு 0.4, சிறிய தெருவுக்கு 0.3. நான் மேலே சொன்ன லென்ஸ் இல்லாத விளக்குக்குக் கம்ப வரிசையை ஒட்டிக் கணக்குப் போட்டால் 0.27 வருகிறது. 45 வாட்டுக்கும் அதுதான், 900 வாட்டுக்கும் அதுதான்.

வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம், தரும் வெளிச்சம் அல்ல. இதை இந்தியாவில் முதலில் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவர்களே புதுச்சேரிக்காரர்கள்தான். 2014-ல் வீட்டுக்கு வீடு 60 வாட் குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு, பத்து ரூபாய்க்கு 7 வாட் எல்.ஈ.டி. பல்பு வாங்கினோமே! நாடு முழுவதும் உஜாலா திட்டமாகப் பரவியதற்கு முன்னோட்டம் இங்கேதான் நடந்தது. அன்றைக்கு 7 வாட்டில் வீடு இருண்டு போகவில்லை. தெருவிளக்கு என்று வந்ததும் அந்த அனுபவம் எங்கே போனது?

நடுத்தெரு இருட்டுக்கு மருந்து லென்ஸ். கம்பத்தடியும் நடுவும் ஒரே அளவு வெளிச்சமாக இருக்க, 60 பாகையில் போகும் ஒளி நேர் கீழே போவதைப் போல நான்கு மடங்கு வேண்டும். சில்லு தானாகத் தருவதோ அரை மடங்கு. அந்த எட்டு மடங்கு இடைவெளியைத்தான் ஒவ்வொரு சில்லின் மேலும் கவிழ்த்திருக்கும் சின்ன அக்ரிலிக் லென்ஸ் சரிக்கட்டுகிறது. உற்றுப் பாருங்கள், மல்லாட்டை போல இரண்டு பக்கம் புடைத்து நடுவில் ஒடுங்கியிருக்கும். நடுவிலுள்ள குழிவு, நேர் கீழே போகவிருந்த ஒளியைத் தெருவின் நீளவாக்கில் வளைத்து அனுப்புகிறது. இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. நம் கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது 1836-ல். அதற்கு 13 வருடம் முன்பே, பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் பிரெனெல் என்ற பொறியாளர், தீயைப் பெரிதாக்காமல், சிதறும் ஒளியைக் கண்ணாடியால் கடல் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டார்.

"அந்த பிளாஸ்டிக் வெளிச்சத்தைத் தின்னுது, கழட்டிட்டா நல்லா எரியும்" என்று சொல்லும் எலெக்ட்ரீசியன்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது. லென்ஸின் ஒரு பரப்பில் சுமார் 4 சதவீதம் ஒளி திரும்பிப் போகும். இரண்டு பரப்புக்கு 8. மீதி 92 சதவீதம் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. கழற்றினால் அந்த 8 கிடைக்கும், தெரு போய்விடும். சில வருடம் முன் ஒரு தெருவில் விளக்குத் தலையை 90 பாகை திருப்பி மாட்டியிருந்ததைப் பார்த்தேன். ஒளி முழுவதும் எதிர்வீட்டு மாடி ஜன்னலில். அந்தத் தெருவுக்கும் அதிக வாட்தான் கேட்டார்கள். ஏணி வைத்துத் திருப்பி மாட்டியதும் கோரிக்கை நின்றது.

வேறு சில நம்பிக்கைகளும் உண்டு. பால் வெள்ளையாக எரிந்தால் வெளிச்சம் அதிகம் என்பது தப்பு. வெள்ளை என்பது நிறம், அளவு அல்ல. நீலம் கூடிய ஒளி வயதானவர்களின் கண்ணுக்குள் சிதறிக் கூச வைக்கும். எல்.ஈ.டி. சூடாகாது என்பதும் தப்பு. சூடு பின்பக்கம் போகிறது. அதை வெளியேற்றும் பின்பக்க உலோகப் பட்டைகளில் தூசி அடைந்தால் ஆயுள் குறையும். கெட்டுப்போவதே இல்லை என்பார்கள். சில்லு தாங்கும். உப்புக் காற்றில் முதலில் போவது சில்லுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற உள் சுற்று.

எல்லாவற்றையும்விட எனக்கு அவசரமான ஒன்று இருக்கிறது. சோலை நகர் கடற்கரை ஓரம் நிற்கும் விளக்குகள். பங்குனி ஆமை நம் கரையில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் இரவில் மணலைக் கிளறி வெளியே வந்ததும், எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஊரும். இயற்கையில் அது கடல். கரையில் வெள்ளை விளக்கு எரிந்தால் அது தெரு. அங்கே 90 வாட் மாட்டுவது அந்தக் குஞ்சுகளை நாய்க்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அனுப்பும் வேலை. பின்பக்க ஒளியை மறைக்கும் தடுப்போடு லென்ஸ் கிடைக்கிறது. மஞ்சள் கலந்த செம்மை நிற எல்.ஈ.டி.யும் கிடைக்கிறது. சாலைக்கு வெளிச்சமும் மணலுக்கு இருட்டும் ஒரே கம்பத்திலிருந்தே தரலாம்.

ஆகவே மனுவைத் திருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாட் என்ற சொல்லே அதில் இல்லை. சராசரி லக்ஸ், குறைந்தபட்ச லக்ஸ், மாட்டிய பிறகு இரவில் மீட்டர் வைத்து எங்கள் முன்னால் அளந்து காட்டுவது, கடல் பக்கம் தடுப்பு. தை மாதம் ஆமைகள் கரையேறத் தொடங்கும். அதற்கு முன்னால் சோலை நகர்த் தடுப்புகளை மாட்டிவிட வேண்டும். இந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.